தாராசுரத்தில் ராஜநாகம் இல்லை

அரசலாற்றங்கரையில் ராஜநாகம் வந்திருக்கிறதாம். 15 அடி நீளமாம். வாழைத்தோப்புக்குள் போனதை நாலு பேர் பார்த்தார்களாம். தாராசுரத்தைச் சுற்றி இந்தப் பேச்சு மழைக்காலம் தவறாமல் கிளம்புகிறது. ஒரு வருஷம் பட்டீஸ்வரம் என்பார்கள், மறு வருஷம் சுவாமிமலை என்பார்கள். பார்த்த நாலு பேரில் ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டால் மச்சினன் சொன்னான் என்கிறார்கள். மச்சினனைக் கேட்டால் வாட்ஸ்ஆப்பில் வீடியோ வந்தது என்கிறார்.

அந்த வீடியோவைத்தான் பாருங்களேன். பாம்புக்குப் பின்னால் மலைச்சரிவு, வரிசையாக ரப்பர் மரங்கள். சுற்றி நிற்பவர்கள் பேசுவது மலையாளம். காவிரி வண்டலில் ரப்பர் எங்கே வளர்கிறது? படித்தவர்கள்கூட இதை யோசிக்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவது எனக்குக் கோபமூட்டுகிறது.

நம் வயலிலேயே எடுத்தது என்று சொல்லி எனக்கு வரும் படங்களில் இருப்பது பெரும்பாலும் சாரை. வளர்ந்த சாரை 7 அடியைத் தாண்டும். மடக்கினால் கழுத்தை உப்பவைத்து உறுமுவதுபோல் சீறும். பயந்த கண்ணுக்கு அது படமெடுத்ததாகத் தெரியும். ராஜநாகத்தின் தலையில், உச்சிக்குப் பின்னால், இரண்டு பெரிய செதில்கள் அருகருகே இருக்கும். சாரைக்கும் நல்ல பாம்புக்கும் அவை கிடையாது. அதன் படம் நல்ல பாம்பின் படத்தைவிட ஒடுங்கி நீண்டிருக்கும். மூக்குக்கண்ணாடிக் குறியும் இருக்காது. தலையை மேலிருந்து காட்டும் தெளிவான படம் ஒன்று இருந்தால் வாதம் முடிந்துவிடும். அந்த ஒரு படம் மட்டும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

தமிழ்நாட்டில் ராஜநாகத்துக்கு வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனைமலை, களக்காடு முண்டந்துறைக் காடுகளில் அது உண்டு. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டதை 2024-இல் வெளியான ஆய்வு நான்கு இனங்களாகப் பிரித்தது. அதன்படி அந்த மலைத்தொடரில் இருப்பது தனி இனம். சமவெளியில் ராஜநாகம் வாழவே வாழாது என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் சுந்தரவனத்திலும் கடலோர அலையாத்திக் காட்டுக்குள் வாழ்கிறது. ஆனால் அதற்குக் காடு வேண்டும். பெண் பாம்பு சருகைக் குவித்துக் கூடு கட்டி, முட்டையிட்டு, காவலும் இருக்கும். போகத்துக்குப் போகம் உழுது தண்ணீர் கட்டுகிற நிலம் நம்முடையது. இதற்கும் அந்த மலைக்கும் நடுவே வறண்ட மாவட்டங்கள் கிடக்கின்றன.

“கோவாவில் ராஜநாகம் ரயிலேறி வருகிறதாமே, தாராசுரத்துக்கும் ரயில் வருகிறதே” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கோவாவில் ராஜநாகத்துக்கு ஏற்ற காட்டுக்கு வெளியே, ரயில் தடங்களை ஒட்டிச் சில பாம்புகள் பிடிபட்டிருக்கின்றன. ரயிலில் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைத்து? பல வருஷங்களாகப் பாம்பு மீட்பவர்கள் இடமும் தேதியும் குறித்து வைத்த பதிவுகளை வைத்து. பாம்பு கையில் கிடைத்த பிறகும் ‘வந்திருக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள். நம்மவர்கள் பாம்பையே பார்க்காமல் ‘வந்துவிட்டது’ என்கிறார்கள்.

இல்லாத இடத்தில் ஒரு பாம்பைக் கண்டதாகச் சொல்வது எப்படி என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. இலங்கைக்கே உரியது என்று நம்பப்பட்ட பறக்கும் பாம்பு ஒன்றை மால்கம் ஸ்மித் 1943-இல் விவரித்தார். அதே பாம்பு ஆந்திராவின் சேஷாசலம் மலைக்காட்டில் அகப்பட்டது. கண்டவர்கள் ஊரைக் கூட்டவில்லை. செதில்களை எண்ணினார்கள், மரபணுவை ஒப்பிட்டார்கள், 2015-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதன்பிறகுதான் இந்தியப் பாம்புகளின் பட்டியலில் அது ஏறியது.

வனத்துறை கொண்டுவந்து விட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லை. கர்நாடகத்தின் அகும்பேயில் ராஜநாகங்களுக்கு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். வேறிடத்தில் கொண்டுபோய் விட்ட பாம்பு நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தது. பிடித்த பாம்பைப் பிடித்த இடத்துக்கு அருகிலேயே விட வேண்டும் என்பது பாம்பு தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது.

இந்தப் புரளியால் ஆள் சாகலாம். நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை முறிக்கும். ராஜநாகத்தின் நஞ்சுக்கு அது தயாரிக்கப்பட்டதல்ல. “கடித்தது ராஜநாகம், இங்கே மருந்து கிடையாது” என்று வீட்டிலேயே முடிவுகட்டி, மந்திரிக்க அழைத்துப் போனால் நேரம் போய்விடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. டெல்டாவில் நீங்கள் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் பல சமயம் வலிக்கவே வலிக்காது. கட்டிலில் படுங்கள். கொசுவலையைக் கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.

இன்னொரு பக்கம், அடிபட்டுச் சாவது சாரை. எலிக்குக் கிட்டி வைக்கக் கூலி கொடுக்கிறோம். கூலி கேட்காமல் வரப்பு வளைக்குள் புகுந்து எலி பிடிப்பதை ராஜநாகம் என்று தடியால் அடிக்கிறோம். இதைப்போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

மற்றக் கதைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சாரையும் நாகமும் பிணைவதில்லை. பிணைந்து எழுவது இரண்டு ஆண் சாரைகள், நடப்பது சண்டை. கொம்பேறி மூக்கன் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்ப்பதில்லை. அதற்கு நஞ்சும் இல்லை. பச்சைப்பாம்பு கண்ணைக் குறிவைப்பதில்லை. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வராது. செவிப்பாம்பு காதுக்குள் புகாது; அது மண்ணுக்குள் எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்று வாழ்வது. தன் எல்லையைத் தாண்டிய பாம்பைக் காண ஆசைப்படுகிறவர்கள் இந்தச் செவிப்பாம்பைப் பார்க்கலாம். பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறி அமெரிக்கா வரை போயிருக்கிறது. ஆண் துணையில்லாமலே பெண் முட்டையிடும் என்பதால், ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும்.

எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இந்தக் கரையின் உயிரினங்களைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். 1801-இல் பாட்ரிக் ரஸல் மண்ணுளிப் பாம்புக்கு அவர் பெயரையே வைத்தார். இந்த மண்ணின் பாம்பு 200 வருஷத்துக்கு முன்பே உலக ஏட்டில் ஏறிவிட்டது. இன்று நம் ஊராட்சிகளில் எந்தெந்தப் பாம்பு உண்டு என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பதிவேடு வேண்டாமா? கும்பகோணத்தில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த அரசுக் கல்லூரி இருக்கிறது. டெல்டாவின் விலங்கியல் துறைகள் சேர்ந்து, மாணவர்களை வைத்து, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பாம்புகளைப் படமெடுத்துக் குறித்தாலே சில வருஷத்தில் நல்ல பட்டியல் கிடைக்கும்.

தாராசுரத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தெரியாத பாம்பைக் கண்டால் விலகி நின்று, கேமராவைப் பெரிதாக்கி, தலையும் முதுகும் தெரிய எடுங்கள். செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள். இடம், தேதி, நேரத்தைக் குறித்து வனத்துறைக்கும் கல்லூரி விலங்கியல் ஆசிரியருக்கும் அனுப்புங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை அந்தப் படத்தை வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள்.