எந்த ஊருக்கு எந்த உப்பு?

காரைக்குடி

அன்புள்ள மகாலட்சுமிக்கு,

கொட்டாங்குச்சிக் கரியில் மின்முனை செய்து முடித்தாயிற்று, இனி எந்த மின்பகுளியை ஊற்றுவது என்று கேட்டிருக்கிறாய். கூடவே 3.5 வோல்ட் தாங்கும் அயனித் திரவம் பற்றிய கட்டுரையையும் அனுப்பியிருக்கிறாய். கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் உன் சூப்பர் கெபாசிட்டர் உங்கள் திருத்தணி மலைப்பாதையின் சோலார் விளக்குக்கு என்று நீயே சொன்னாயே, அதை ஏன் மறந்தாய்?

வோல்டேஜுக்கு இத்தனை மவுசு வந்ததற்குக் காரணம் ½CV². வோல்டேஜ் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு. தண்ணீரோ 1.23 வோல்ட்டில் பிரியலாம் என்பது ஏட்டுக் கணக்கு. அதனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கந்தக அமிலம் இரண்டிலும் 1 வோல்ட் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். கடையில் கிடைக்கும் செல்களில் பெரும்பாலும் அசிட்டோநைட்ரைலில் கரைத்த அம்மோனிய வகை உப்பு இருக்கும், 2.7 வோல்ட். கணக்குப்படி ஆற்றல் ஏழு மடங்குக்கு மேல். ஆனால் அதே கரி, தண்ணீரில் காட்டும் கெபாசிட்டன்ஸில் ஏறக்குறைய பாதியைத்தான் அங்கே காட்டும். ஏழு மடங்கு பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கரியில் உள்ள துளைகளின் விஷயம் இன்னும் சுவாரசியம். அயனி தனியாக வருவதில்லை, கரைப்பான் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர் குறுகிய வாசலில் என்ன செய்வார்? காவடியை இறக்கிவிட்டுத்தான் நுழைவார். 1 நானோமீட்டருக்கும் குறைந்த துளையில் அயனியும் சுமையை இறக்குகிறது. அத்தனை சின்னத் துளை வீண் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2006இல் கோகோட்சி, சிமோன் குழுவினர் அங்கேதான் கெபாசிட்டன்ஸ் ஏறுகிறது என்று காட்டினார்கள். ஆகவே கரியின் துளையளவைத் தெரிந்துகொள்ளாமல் உப்பு வாங்கப் போகாதே.

இனி வெயில். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்ப் பட்டியலில் திருத்தணி எத்தனை முறை வருகிறது என்று உனக்கே தெரியும். அந்த வெயிலில் தகரப் பெட்டிக்குள் செல் இருக்கப்போகிறது. அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கும், எளிதில் தீப்பற்றும். அது உள்ள செல்களுக்கு வழக்கமாக 65 டிகிரிதான் எல்லை. 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது இத்துறையின் கைக்கணக்கு. புரோப்பிலின் கார்பனேட் அவ்வளவு சுலபமாகப் பற்றாது, ஆனால் அயனி மெதுவாக நகரும், தடை கூடும். அயனித் திரவம் வெயிலுக்கு அசையாது; விலை அதிகம், பிசுபிசுப்பும் அதிகம். இந்த மூன்றுக்குமே ஈரம் பகை. ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ் இல்லாத ஆய்வகத்தில் இவற்றைத் தொட்டால், காற்றிலிருந்து புகுந்த தண்ணீரைத்தான் அளந்துகொண்டிருப்பாய்.

சோடியம் சல்ஃபேட் போடு. நடுநிலைக் கரைசல், மலிவு, கையைச் சுடாது. எதிர்முனைத் துளைக்குள் காரத்தன்மை ஏறுவதால் ஹைட்ரஜன் வெளியேறுவது தள்ளிப்போகிறது, 1.5, கவனமாக இருந்தால் 1.6 வோல்ட் வரை போகலாம். கரி அதே கரிதான், ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். குளிரில் உப்பு படிகமாக இறங்கும். 1 மோலார் கரைசல் 10 டிகிரியைத் தாங்காது. கொடைக்கானலுக்கு என்றால் வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. நிக்கல் ஃபோமில் பூசி, காரக் கரைசலில் மூன்று மின்முனை வைத்து அளந்து பெரிய எண் எழுதும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. அந்த எண்ணில் ஒரு பங்கு நிக்கலின் சொந்த வினை. தவிர, ஒற்றை மின்முனைக்குக் கிடைக்கும் மதிப்பு, ஒரே மாதிரி இரு மின்முனை கொண்ட செல்லின் எடைக்குக் கணக்கிட்டால் நாலில் ஒன்றாகிவிடும். விளக்கை எரிக்கப்போவது செல்; அதைத்தான் அளக்க வேண்டும்.

விடுமுறையில் இங்கே வா, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியைக் காட்டுகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம். 1953 ஜனவரி 14இல் திறந்துவைத்தவர் உங்கள் ஊர்க்காரர், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன். வரும்போது ஆயிரக்கணக்கில் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சைக்கிள் ஓட்டிய படத்தை மட்டும் கொண்டுவராதே. செல்லை 1.5 வோல்ட்டிலேயே பிடித்து, 50 டிகிரி ஓவனில் சில நாள் வைத்து, கெபாசிட்டன்ஸும் தடையும் எப்படி நகர்ந்தன என்று தினமும் குறித்த தாள் வேண்டும்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா