விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வேன்: கோளாறு எங்கே?

நமது தோட்டங்களில் ஒரு வேன் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து மட்டுமல்ல. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான், பிள்ளைகளை ரோட்டுப் பக்கப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். லீசிங் கட்டுவதற்கோ, சேவைக்காலப் பணத்தில் வாங்கியதைக் காப்பாற்றுவதற்கோ அது தினமும் ஓட வேண்டும். அப்படிப்பட்ட வேன் காலையில் "இழுக்குது, ஆனா பிடிக்க மாட்டேங்குது" என்று நின்றுவிட்டால், பலர் நேராக கராஜுக்குப் போய் "பம்பைக் கழற்ற வேணும்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். பம்ப் வேலைக்கு ஆகும் செலவு நமக்குத் தெரியும். ஆனால் பல தடவைகளில் கோளாறு வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸிலோ, பச்சை பூத்த பெட்டரி முனையிலோதான் இருக்கும். எனவே கராஜுக்குப் போகுமுன் நாமே எதை எதைப் பார்க்கலாம் என்பதை இந்த இதழில் படிப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ப்ளக் உண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 20 மடங்குக்கு மேல் அமுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதல்லவா, அதே சங்கதிதான். ஆகவே டீசல் எஞ்சின் பிடிக்க மூன்று தேவை: வேகமாகச் சுற்ற வேண்டும், சூடு வேண்டும், காற்றுக் கலக்காத டீசல் வர வேண்டும். நுவரெலியாப் பக்கம் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதோடு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனியும் விழும். கொழும்பில் ஒரு தட்டில் பிடிக்கிற அதே வேன் இங்கே முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது சாவியைத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? அல்லது "ஊம்... ஊம்..." என்று சோம்பலாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பம்பையும் ஹீட்டர் ப்ளக்கையும் தொடவே வேண்டாம். பெட்டரியைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று கசிந்துவிடும், சூடும் பிறக்காது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பெட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையேல் முனைகளில் பிடிப்பில்லை. அடித்து முடித்ததும் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் கரண்ட் தடைப்படுகிறது. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரையும் மறக்க வேண்டாம், அதை யாருமே பார்ப்பதில்லை. மீற்றர் உள்ளவர்களுக்கு: நல்ல பெட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது என்று பொருள். முனையைச் சுத்தம் செய்யும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். பீடி பற்றவைத்துக்கொண்டு பெட்டரிக்கு மேலே குனியாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லையா? இன்னொருவரை சைலன்சர் பக்கம் நிற்கவையுங்கள். பிள்ளைகளைக் கேட்டாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பாதி நோயை இந்தப் புகையே சொல்லிவிடும்.

வெள்ளைப் புகை என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர் ப்ளக்குகள் மேல். டாஷ்போட்டில் சுருள் வெளிச்சம் எரிந்து அணைந்தால் ப்ளக் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அந்த வெளிச்சம் டைமர் வேலை செய்வதை மட்டுமே காட்டுகிறது. ப்ளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பெட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் ப்ளக்கில் கரண்ட் ஓடுகிறது, எரியாவிட்டால் அது செத்தது. பல்பு இல்லாமல் நேரடியாக வயரை வைக்கக் கூடாது. சில ப்ளக்குகள் 12 வோல்ட்டுக்குக் குறைவானவை, கருகிவிடும். புதிது வாங்கும்போதும் பழையதில் அடித்திருக்கும் வோல்ட்டைப் பார்த்தே வாங்குங்கள். காலையில் பிடித்தவுடன் ஒரு நிமிடம் குலுங்கி, பிறகு சீராக ஓடினால் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். நாலும் ஒரே நாளில் சாவது அபூர்வம். அப்போது ஃபியூசையும் ரிலேயையும் பாருங்கள்.

புகையே இல்லாத நோய்தான் காசு பிடுங்கும் நோய். சாவியை ஸ்டார்ட்டர் வரைக்கும் போகாமல் 'ஒன்' நிலைக்கு மட்டும் திருப்பி, பம்புக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். டொல்பின் என்று நாம் சொல்லும் ஹையேஸில் இதற்கு முன் சீட்டைத் தூக்க வேண்டும். "டிக்" என்று சத்தம் வர வேண்டும். டீசலை விடும் சொலனொய்ட் திறக்கிற சத்தம் அது. வராவிட்டால் அதன் வயர் கழன்றிருக்கிறதா பாருங்கள். சத்தம் வந்தால், ஃபில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமுக்குங்கள். பத்து இருபது தடவைக்குள் கல்லுப்போல் இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது டீசலே வரவில்லை.

காற்று இழுப்பதைக் கண்டுபிடிக்க நம் மலைநாட்டில் ஒரு இலவசச் சோதனை இருக்கிறது. ஒரு இரவு வேனின் மூக்கு மேட்டைப் பார்த்திருக்க நிறுத்துங்கள், மறு இரவு பள்ளத்தைப் பார்த்திருக்க நிறுத்துங்கள். இரண்டு இரவும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பள்ளம் பார்த்து நின்றால் உடனே பிடித்து, மேடு பார்த்து நின்றால் பிடிக்காமல் இருந்தால், இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்பி ஓடுகிறது என்று அறியலாம். அதற்குப் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. ரப்பர் ஹோஸ்கள், கிளிப்புகள், வாசர்கள், கைப்பம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டீசல் வெளியே சொட்டாத ஓட்டை வழியாகவும் காற்று உள்ளே போகும்.

ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். 2022 இல் கியூவில் நின்று கேன்களில் சேர்த்துவைத்துப் பழகியவர்கள் இன்றும் கேனிலிருந்து ஊற்றுவது உண்டு. துணியால் வடித்தால் தூசிதான் நிற்கும், தண்ணீர் நிற்காது.

செய்யக் கூடாத காரியங்களும் உண்டு. ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். காற்றுக் குழாயில் பெற்றோலோ ஈதரோ விடாதீர்கள். ஹீட்டர் ப்ளக் சூட்டில் அது வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது வேனை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி செய்யும் வேக்குவமும் இல்லை. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். வளைவும் பள்ளமும் லயன் வீடுகளும் உள்ள நமது ரோட்டில், அதுவும் நோயாளியை ஏற்றிக்கொண்டு, இந்த வேலை வேண்டவே வேண்டாம். வேறு வேனைக் கூப்பிடுங்கள்.

மேலே சொன்னவை பழைய டொல்பின், டவுன்ஏஸ் போன்ற வேன்களுக்கு. 2004க்குப் பிறகு வந்த கே.டி.எச். ஹையேஸ்களில் கம்பியூட்டர் கட்டுப்பாடும் கொமன் ரெயில் முறையும் உண்டு. அவற்றின் டீசல் குழாய்களை நீங்களாகத் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சின்னக் காயம்போல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய வேன்களிலும் இன்ஜெக்டர் அடிக்கிற இடத்தில் கை வைக்கக் கூடாது.

சரி, பம்பே பழுதாகியிருந்தால் எப்படித் தெரியும்? குளிரில் பிடித்து, ஓடிச் சூடேறியபின் பிடிக்காத வேன்தான் அந்தச் சந்தேகத்துக்குரியது. அப்போது பம்ப் மேல் மட்டும் ஈரத்துணி போட்டு ஆறவையுங்கள். ஆறியதும் பிடித்தால் பம்பின் உட்பகுதி தேய்ந்திருக்கிறது. ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஓடும் எஞ்சினிலிருந்து புகை குபுகுபுவென்று வருகிறதென்றால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. இந்த இரண்டும் பாஸுடைய வேலை. அவரிடம் போகும்போது "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் புகை வந்தது, கைப்பம்பு இறுகியதா, மேட்டிலா பள்ளத்திலா நின்றது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.