கடைச் செய்தியும் கணக்கு நோட்டும்

 

சென்ற நோன்புக்கு முன் நமது கடையின் பேஸ்புக் பக்கத்தில் ஒரே வாரத்தில் பதினொரு படங்களைப் போட்டோம். பிறகு வேலை மிகுந்தது. அந்தப் பக்கத்தையே மறந்து போனோம். நோன்பு மாதத்துக்காகக் கடை நேரத்தை மாற்றியும் அதில் தெரிவிக்கவில்லை. பழைய நேரத்தை நம்பி, பாயான் லெப்பாஸிலிருந்து கைலி வாங்க வந்த பெரியவர் ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். பெருநாள் கழிந்து அவரே வந்து சொன்னபோது நமக்குப் பேச நா எழவில்லை. நேரத்தை எழுதி வைத்தால் அது கொடுத்த வாக்கல்லவா?

ஆகவே, கடைச் செய்தியை ஒழுங்காக வெளியிடும் முறை பற்றி நாம் கற்றுக்கொண்டதை இங்கு எழுதுகிறோம்.

இது நம்மவருக்குப் புதிய வேலையன்று. 1887-ல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கி 1890 வரை நடத்தினார்கள். அச்செழுத்தைக் கையால் கோத்த காலம் அது. கைபேசியை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு பதிவு போட நேரமில்லை என்று நாம் சொல்லலாமா? சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது நாம் அறிந்ததே. ஒரே வாரத்தில் பதினொன்று போட்டதை எண்ணி நாம் வெட்கப்படுகிறோம்.

ஒரு கணக்கு நோட்டை எடுங்கள். முதலில் நோன்பு, இரு பெருநாள்கள், மீலாது ஆகியவற்றைக் குறியுங்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே. ஆண்டுதோறும் இவை ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வரும். 2030-ல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் நோன்பு தொடங்கும். ஆதலால் சென்ற ஆண்டுக் குறிப்பை அப்படியே நகல் எடுத்தால் கெட்டோம்.

பிறகு பெருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு வாரத்துக்கு முன் புதுச் சரக்கு; நான்கு வாரத்துக்கு முன், தைக்க அளவு கொடுக்கக் கடைசித் தேதி; நோன்புக்கு முந்திய வாரம் கடை நேரம். மற்ற வாரங்களுக்குச் சாதாரண விஷயங்களே போதும். தொப்பிக்குத் தலையளவு எடுப்பது எப்படி, கைலியின் சாயம் போகாமல் துவைப்பது எப்படி என்பன போன்றவற்றை வலைப்பதிவில் சற்று விரிவாக எழுதினால், தேடி வருவோருக்கு ஆண்டுக்கணக்கில் பயன்படும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கடை நேரத்தை அதில் மட்டும் போட்டால் போதாது.

மாதம் ஒரு காலை உட்கார்ந்து நான்கு வாரப் பதிவுகளையும் எழுதிவிடலாம். குறித்த நாளில் தானாக வெளிவரும்படி பேஸ்புக்கில் முன்கூட்டியே வைக்க வசதியுண்டு. ஆனால் பெருநாள் வாழ்த்தை மட்டும் அவ்வாறு வைக்காதீர்கள்! பிறை தென்படாவிட்டால், ஊரெல்லாம் நோன்பிருக்க நம் கடை மட்டும் பெருநாள் கொண்டாடும். முத்திரைக் காப்பாளர் அறிவித்த பின் கையாலேயே போடுங்கள்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். நல்ல மடிப்பை மட்டும் படமெடுத்து, கறை பட்ட துணியை அடியில் வைத்து அனுப்புவது அதே ஈரந்தான். குறையுள்ள சரக்கானால் குறையையும் படமெடுத்து, விலையைக் குறைத்துப் போடுங்கள். நாம் போட்டுப் பார்த்தோம்; இரண்டே நாளில் விற்றது.

நமது நோட்டைப் பார்க்க விரும்பும் சகோதரர்கள் லுஹர் தொழுகைக்குப் பின் கடைக்கு வரலாம்.