குப்பை மேடு சொல்லும் வரலாறு

ஒரு வீட்டின் குப்பையைக் கிளறினால் அவ்வீட்டார் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? எழுத்தே அறியாத பழங்கால மக்களைப் பற்றியும் நாம் இவ்வாறுதான் அறிகிறோம்.

1877ஆம் ஆண்டு எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஜப்பானுக்குச் சென்றார். யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு இரயிலில் போகும்போது, ஓமோரி என்னுமிடத்தில், பாதைக்காக வெட்டப்பட்ட மேட்டில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடப்பதைக் கண்டார். அவ்வாண்டே அங்கு தோண்டினார். கயிற்றை அழுத்திய தடம் பதிந்த மட்பாண்டங்கள், எலும்புக் கருவிகள், விலங்கு எலும்புகள் ஆகியவை கிடைத்தன. ஆகவே, அது கடல் ஒதுக்கிய குவியல் அன்று. மனிதர் உண்டு எறிந்த சிப்பிகளின் மேடு. ‘கயிற்றுத் தடம்’ எனப் பொருள்படும் ‘ஜோமோன்’ என்ற சொல்லே, பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த அக்காலத்துக்குப் பெயராயிற்று.

எலும்புகள் மக்காதது ஏன்?

ஜப்பானின் எரிமலை மண் அமிலத்தன்மை உடையது. அதில் புதையும் எலும்பு விரைவில் கரைந்துவிடும். சிப்பியில் உள்ளதோ கால்சியம் கார்பனேட். அது அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அதனால் மீன் முள்கூட மேட்டுக்குள் அழியாமல் இருக்கிறது.

சிப்பி ஒரு நாட்காட்டி

மட்டியின் ஓட்டை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். நாள்தோறும் படியும் மெல்லிய வரிகள் தெரியும். குளிர்காலத்தில் வரிகள் நெருங்கியிருக்கும். அந்த இடத்திலிருந்து ஓட்டின் விளிம்புவரை எண்ணினால், மட்டி எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்று தெரிந்துவிடும்! வசந்த காலத்திலேயே மட்டிகளை மிகுதியாகச் சேகரித்தார்கள் என்று ஆய்வாளர்கள் இவ்வாறு கண்டனர்.

சில மேடுகள் இன்றைய கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. அவ்வளவு தூரம் சிப்பியைச் சுமந்தார்களா? இல்லை. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்திருந்தது; கடலே அங்குவரை வந்திருந்தது.

மேட்டில் உறங்கியவர்

இம்மேடுகளில் இறந்தோரையும் புதைத்தனர். ஹொக்கைடோ தீவின் இரியே மேட்டில் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. கை கால் எலும்புகள் மிகவும் மெலிந்திருந்தன. இளம் வயதிலேயே நோயால் முடங்கிய அவர், மீன் பிடித்திருக்கவோ சிப்பி பொறுக்கியிருக்கவோ முடியாது. ஆயினும் பெரியவராகும்வரை வாழ்ந்திருக்கிறார். யாரோ பல ஆண்டுகள் அவருக்கு உணவூட்டிப் பேணியிருக்க வேண்டும்.

அம்மக்கள் என்ன உண்டார்கள் என்பதை மட்டுமா சிப்பி மேடு சொல்கிறது? எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சொல்கிறது.