மழலையருக்கு ஓர் இளவேனில் பாடம்



மழலையர் பள்ளிப் புத்தகங்களில் வசந்த காலம் என்று ஒரு பக்கம் வருகிறது. பனி உருகுகிறது, ஆட்டுக்குட்டி துள்ளுகிறது, டூலிப் பூ மலர்கிறது. குழந்தை அதற்கு வண்ணம் தீட்டி ஆசிரியையிடம் காட்டி நட்சத்திரம் வாங்கி வருகிறது. இங்கிலாந்துக் குழந்தைக்கு அது பொருத்தமான பாடம்தான். திருவனந்தபுரமோ நிலநடுக்கோட்டுக்கு எட்டரை பாகை வடக்கே இருக்கிறது. இங்கே உருகுவதற்குப் பனி ஏது? அந்தப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டும் அதே வாரத்தில் வீட்டு வாசலில் கொன்றை பூத்துக் கொட்டுகிறது. அதை யாரும் பாடமாக எடுப்பதில்லை.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரை, வைகாசி இரண்டையும் இளவேனில் என்றனர். கேரளத்தில் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே மாதங்கள் கோடை விடுமுறை. ஆகவே இளவேனிலின் பெரும்பகுதி குழந்தை நம் கையில் இருக்கிறது. ஊரிலிருந்து அத்தை, மாமா பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

இதில் எனக்கொரு கவலையும் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், பிறகு இந்தியும் படிக்கிறார்கள். தமிழுக்கு அங்கே மணி அடிப்பதில்லை. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையிலான காலம்தான் தமிழுக்குப் போட்டியில்லாத காலம். அதைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு, பத்து வயதில் "ஆச்சியிடம் பேசமாட்டேன் என்கிறான்" என்று வருந்துவோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து பிறகு வரட்டும். முதலில் சொல் வரவேண்டும். அதுவும் கை தொட்ட பொருளோடு சேர்ந்து வரவேண்டும். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையும் கையிலிருந்து தொடங்குவதுதான்.

நான் ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டயப் படிப்புக்காரன், ஆசிரியப் பயிற்சி கிடையாது. என் பேரப் பிள்ளைகளோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் செய்து பார்த்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மாமரம். ஒரே மரத்திலிருந்து ஐந்து இலைகள் எடுங்கள். செம்பு நிறத்தில் துவளும் கொழுந்து, சற்றே விரிந்த தளிர், கரும்பச்சை இலை, மஞ்சளான பழுப்பு, கீழே கிடக்கும் சருகு. தரையில் கலைத்துப் போட்டு, இளையதிலிருந்து மூத்தது வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு இது நல்ல வேலை. நிறத்தைப் பார்க்கவேண்டும், தடவிப் பார்க்கவேண்டும், சருகை நொறுக்கி ஓசை கேட்கவேண்டும். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது பெயரைச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் குழந்தையே "தாத்தா, இது பழுப்பு" என்று திருத்தும். இலை என்ற ஒரே பொருளின் ஐந்து பருவங்களுக்கு ஐந்து தனிச் சொற்கள் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதே மரத்தின் காய்க்கும் இதையே செய்யலாம்: பூ, வடு, காய், பழம். இங்கே கண்ணிமாங்கா என்பது நம் மாவடு.

மலையாளச் சொல்லைக் குழந்தை சொன்னால் அதட்டவேண்டாம். "கொன்ன" என்றால், "ஆமாம் கண்ணு, நாம் கொன்றை என்போம்" என்றால் போதும். சக்கை பலா ஆகட்டும், பூம்பாற்றை வண்ணத்துப்பூச்சி ஆகட்டும். வெள்ளரி இரு பக்கமும் வெள்ளரிதான். அதைக் கண்டுபிடிக்கும்போது குழந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சியே தனி.

கொன்றைக்கு வருகிறேன். கேரளத்தின் மாநில மலரே இதுதான். இப்போதெல்லாம் விஷுவுக்குக் காத்திராமல் பிப்ரவரியிலேயே பூத்துவிடுவதையும் பார்க்கிறோம். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள், மரத்தில் பறிக்கவேண்டாம். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். ஐந்து விரலுக்கு ஐந்து இதழ் என்று வைத்து எண்ணலாம். சரத்தின் நுனியில் அரும்பு, நடுவில் மொட்டு, மேலே விரிந்த மலர் என்று ஒரே சரத்தில் மூன்று பருவமும் தெரியும். முற்றி உலர்ந்த காய் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு முழ நீளம் இருக்கும்; ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும். பெரியவர் ஒருவர் அதை நெடுக உடைத்துக் காட்டினால், உள்ளே வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை. ரயில் பெட்டியில் ஆளுக்கொரு தனி அறை கொடுத்ததுபோல் இருக்கும். (ரயில்வேக்காரன் வேறென்ன சொல்வான்!) பார்த்தபின் கையைக் கழுவிவிடுங்கள், உள்ளே இருக்கும் கரிய சதை பேதி மருந்து. ஒளவையின் 'கொன்றை வேந்தன்' நூற்பெயரில் இருப்பது இந்த மரம்தான் என்று இப்போதே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பிற்காலத்தில் அந்த நூல் கைக்கு வரும்போது மரம் நினைவுக்கு வரும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பாடம். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இருமுறை உச்சி வேளையில் கதிரவன் நேர் தலைக்கு மேலே வருகிறது. முதல் முறை ஏப்ரல் 11, 12 தேதிகளை ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கும் தறுவாயில். இரண்டாம் முறை ஆகஸ்டு கடைசியில். ஆகஸ்டில் மேகத்தை நம்ப முடியாது. ஆகவே ஏப்ரலே நல்லது. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்து நேரத்தைக் காட்டுவதால், இங்கே உச்சி வேளை பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.23-க்கு வரும். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நிறுத்துங்கள். செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை நிழலின் நுனியில் குழந்தையே சாக்கட்டியால் கோடு போடட்டும். நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து 12.23-க்குக் குச்சியின் அடியில் மறைந்துவிடும். செருப்புப் போட்டு நிற்கும் குழந்தை தன் நிழலைத் தேடும். "தாத்தா, என் நிழல் எங்கே போச்சு?" என்று என் பேத்தி கேட்டாள். காலுக்கு அடியில் இருக்கிறது என்றேன். காலைத் தூக்கிப் பார்த்தாள். நீளம், குட்டை, மேலே, கீழே, உச்சி, நிழல் ஆகிய ஆறு சொற்களும் அன்றைக்கே படிந்துவிட்டன. சென்னையில் இது ஏப்ரல் 24-ஐ ஒட்டி நடக்கும். அங்குள்ள பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைக்கலாம்.

பிறகு கனி. தமிழ்ப் புத்தாண்டும் விஷுவும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வருகின்றன. குமரி மாவட்டத்திலும் கோவைப் பக்கமும் சித்திரைக் கனி காண்பது நம்மவர்க்கும் வழக்கம்தான். முதல் நாள் மாலையில் தட்டில் வைக்கும் வெள்ளரி, மாங்காய், தேங்காய், எலுமிச்சை, வெற்றிலை, பாக்கு இவற்றை ஒரு துணிப்பைக்குள் போட்டு, கண்ணை மூடிக் கையை விட்டுத் தடவிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். வழவழப்பு, சொரசொரப்பு, கனம், லேசு எல்லாம் தானே வரும். மறுநாள் மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்கின்றன. இனிப்பு, புளிப்பு, கசப்பு மூன்றையும் நாக்கே சொல்லித் தந்துவிடும். கசப்பை ஒரு பூவுக்கு மேல் வற்புறுத்தவேண்டாம்.

விடியற்காலையில் குயில் கூவும்போது ஜன்னலருகே உட்கார்ந்து எத்தனை முறை என்று எண்ணலாம். கூவுவது கரிய ஆண். புள்ளி போட்ட பழுப்பு நிறப் பறவை பெண். காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதையைக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. மஞ்சள் பூவெல்லாம் கொன்றை அல்ல. வேலியோரத்துப் பொன்னரளியும் மஞ்சள்தான். அதன் காயும் விதையும் கொடிய நஞ்சு. எண்ணுவதற்கு மஞ்சாடி மணி கொடுப்பவர்கள் அதில் குன்றிமணி கலக்காமல் பாருங்கள். கருப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் எந்த விதையும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். பச்சை முந்திரிக்கொட்டையின் தோல் எண்ணெய் கையைப் பொத்துவிடும். முந்திரிப் பழத்துக்கு வெளியே கொட்டை தொங்கும் அதிசயத்தைத் தூரத்தில் நின்றே காட்டுங்கள்.

மே மாதத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பச்சைப்பயறை ஓரிரவு ஊறவைத்து, மண் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டையில் விதைக்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் முளை தலைகாட்டும். அன்று முதல் தினமும் ஒரே நேரத்தில் ஒரு காகிதப் பட்டையைச் செடியின் அருகே நிறுத்தி, அதன் உயரத்துக்குக் கத்தரித்து, நாட்காட்டியின் பின்பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள். பத்து நாளில் படிக்கட்டுபோல் ஒரு படம் வந்துவிடும். எண் தெரியாத குழந்தையும் எந்த நாள் செடி அதிகம் வளர்ந்தது என்று விரலால் காட்டும். நாங்கள் ரயில் பாதை அளவுகளைப் பதிந்து வைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். ஊறவைத்ததில் விதைத்தது போக மிஞ்சிய பயறைத் தேங்காய்த் துருவல் போட்டுச் சுண்டல் செய்துவிடுங்கள்.