முதல் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் மான் வேட்டை உரிமம் வாங்கிவிட்டீர்களா? தோட்டா வாங்கக் கடைக்குப் போகுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

• முதலில் மாநில விதியைப் படியுங்கள். கொலராடோவில் ரைஃபிளின் குண்டு விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒஹாயோவில் ரைஃபிளுக்குக் கழுத்து குறுகாத, நேரான கூடு உள்ள தோட்டாதான் செல்லும்.

• உதை குறைவாக இருப்பதே நல்லது. தோள் வலிக்குமே என்று பயந்தால் சுடும் நொடியில் கண் மூடிக்கொள்ளும், குறி தவறும். .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08 ரெமிங்டன் மூன்றும் புதியவர்களுக்கு ஏற்றவை.

• .308 வின்செஸ்டரும் 1906-இல் வந்த .30-06-உம் பரவலாகக் கிடைக்கும். உதை சற்றுக் கூடுதல். வெள்ளைவால் மானுக்கு அதிக விசையுள்ள மேக்னம் வகைத் தோட்டா தேவையே இல்லை.

• பட்டதும் விரியும் வேட்டைக் குண்டையே வாங்குங்கள். முழு உலோக உறைக் குண்டு விரியாமல் துளைத்துச் செல்லும். மான் காயத்தோடு அலையும். .243-இல் 95 முதல் 100 கிரெய்ன் எடை பொருத்தம்.

• வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் 100 கஜத்தில் சுட்டுக் குறியைச் சரிசெய்யுங்கள்.

குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் பெயரும் அப்படியே ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.