ஒரு நிரல்மொழியின் திண்ணை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் திண்ணை, பிறகு ரேழி, அதன் பிறகே முற்றமும் கூடமும். வழிப்போக்கன் திண்ணையோடு நின்றுகொள்வான். உறவினன் உள்ளே போவான். யார் வந்தாலும் உட்கார ஓர் இடம் உண்டு என்பதே திண்ணையின் இலக்கணம்.

இக்கட்டுரை வீடுகளைப் பற்றியதன்று. கணிப்பொறிக்குக் கட்டளை எழுத உதவும் நிரல்மொழிகள் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டின் முகப்புப் பக்கம் எப்படி அமைய வேண்டும், பழைய முகப்பை மாற்றிக் கட்டியவர்கள் என்ன கண்டார்கள், தமிழிலேயே எழுதப்படும் ‘எழில்’ என்னும் நிரல்மொழிக்கு நம்மைப் போன்ற ஒரு மாணவி முகப்பு வரைந்தால் அது எவ்வாறிருக்கும் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியைத் தமிழ்வழிப் பாடநூலில் படித்தவள் நான். மாறி, செயற்கூறு, மடக்கு என்று சொற்களெல்லாம் தெரியும். வரையறைகளை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். கல்லூரிக்கு வந்த முதற்பருவத்தில், “பைத்தானின் தளத்திற்குச் சென்று நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்” என்று வகுப்பில் சொன்னார்கள். கைப்பேசியில் அம்முகப்பைத் திறந்தேன். நான் படித்த சொல் ஒன்றுகூட அங்கில்லை. எங்கே தொடுவது, எது உள்ளே கூட்டிச் செல்லும், எது வேறெங்கோ கொண்டுபோய் விடும் என்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், கேட்க ஆளில்லை. மூன்று வாரம் செய்முறை வகுப்பில் தெரிந்தவள் போலவே உட்கார்ந்திருந்தேன். வேறு துறைக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தை எழுதி நோட்டுக்குள் மடித்தும் வைத்திருந்தேன். அதைக் கொடுக்காமல் போனது விடுதித் தோழி ஒருத்தியின் புண்ணியம். ஆக, ஒரு முகப்புப் பக்கம் அழகுப் பொருள் மட்டுமன்று. ஒருவர் உள்ளே வருவதையும் திரும்பிப் போவதையும் அது தீர்மானிக்கிறது.

முகப்பு மாற்றிய மூவர்

கட்டற்ற மென்பொருள் என்பது யாரும் பெறலாம், உட்புறத்தைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவது. இன்று வழங்கும் பெரிய நிரல்மொழிகளில் பல இவ்வகையினவே. இவற்றை விற்பதற்கென ஒரு கடை கிடையாது. ஆகவே முகப்புப் பக்கமே விளம்பரப் பலகை, வரவேற்பறை, பள்ளிக்கூட வாசல் எல்லாமாக இருந்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பைத்தான் 1991-இல் கைடோ வான் ராசம் என்னும் டச்சு நாட்டவரால் வெளியிடப்பட்டது. அதன் தளம் 2014-இல் புது வடிவம் பெற்றது. முகப்பின் மேற்பகுதியில் கறுப்புப் பெட்டி ஒன்றில் சிறுசிறு நிரல்கள் மாறிமாறித் தோன்றும். அவற்றுள் ஒன்று பிபனாச்சி எண்களை அச்சிடுவது. (அவ்வெண் வரிசையைப் பிபனாச்சி 1202-இல் எழுதுவதற்கு முன்பே நம் நாட்டு ஹேமச்சந்திரர் யாப்பிலக்கணக் கணக்காகச் சொல்லிவிட்டார் என்பதை இடையே நினைவூட்ட விரும்புகிறேன்.) புதியவர்க்கு உரிய ‘தொடங்குக’ என்னும் பகுதி கறுப்புப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது.

ரஸ்ட் என்னும் மொழியின் வரலாறு இதற்கு மாறானது. அதன் முதல் நிலையான பதிப்பு 2015-இல் வந்தது. பழைய முகப்பு, வேகம், நினைவகப் பிழைகளைத் தடுத்தல், இழைகளின் பாதுகாப்பு என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இயக்கிப் பார்க்க ஒரு நிரலையும் வைத்திருந்தது. அவ்வாக்கியம் முன்பே நிரலெழுதிப் பழகியவர்க்குத்தான் புரியும் என்று கருதி, 2018 டிசம்பரில் முகப்பை மாற்றினார்கள். நம்பகமான, திறமான மென்பொருளை எல்லோரும் ஆக்க இம்மொழி துணை நிற்கும் என்பது புதிய வாசகத்தின் கருத்து. எண்ணம் நல்லதே. ஆனால் முகப்பிலிருந்து நிரல் மறைந்துபோயிற்று. பழைய தளத்தில் தொண்டர்கள் செய்து வைத்திருந்த பிறமொழிப் பெயர்ப்புகளும் புதிய தளம் திறந்த நாளில் இல்லை. பின்னரே அதற்கு வழி செய்தார்கள். ஒரு மொழியின் முகப்பில் அம்மொழியில் ஒரு வரிகூட இல்லாதது என்ன நியாயம் என்று பலர் கேட்டனர். எனக்கோ இரண்டாவது குறையே பெரிதாகப் படுகிறது. எல்லோர்க்கும் என்று எழுதிய கையோடு ஆங்கிலம் தவிர மற்ற கதவுகள் சாத்தியிருந்தன.

ஹாஸ்கெல் என்னும் மொழியின் முகப்பில் பகா எண்களைத் தரும் சிறு நிரல் ஒன்று இடம்பெற்றது. பார்க்க மிக அழகு. ஆனால் அதனை எரட்டோஸ்தனீசின் சல்லடை என்று கொள்ள முடியாது. ஒவ்வோர் எண்ணையும் வகுத்துப் பார்க்கும் வழியே அது என்று அறிஞர்கள் மறுத்தனர். மெலிசா ஓ'நீல் என்னும் பேராசிரியை 2009-இலேயே இவ்வேறுபாட்டை விளக்கிக் கட்டுரை எழுதியிருந்தார். பிறகு நிரலில் சல்லடை என்னும் பெயரை நீக்கி, வடிகட்டுதல் என்று பொருள்படும் பெயரை இட்டனர். முகப்பில் வைக்கும் எடுத்துக்காட்டு எவ்வளவு சிறிதாயினும் அதில் பிழை நுழையக்கூடாது என்பதற்கு இது சான்று. அதைப் பார்த்துத்தானே ஆயிரம் பேர் கற்பார்கள்?

எழில்

இனி நம் மொழிக்கு வருவோம். எழில், முத்து அண்ணாமலை அவர்களால் 2007-ஆம் ஆண்டின் இறுதி முதல் உருவாக்கப்பட்டு 2009-இல் அறிவிக்கப்பட்ட கட்டற்ற நிரல்மொழி. பைத்தானின் மேல் எழுப்பப்பட்டது. பள்ளி மாணவர்கள் ஆங்கிலத் தடை இல்லாமல் நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேலைவாய்ப்புக்கு உரிய மொழி அன்று அது. அப்படி யாரும் சொல்லவுமில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சொல்லை நீக்கித் தமிழ்ச் சொல்லை ஒட்டியதோடு எழில் நிற்கவில்லை. சொல்லின் இடத்தையும் மாற்றியது. ஆங்கில வழி மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழில் நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் ‘ஆனால்’ என்போம். எழிலிலும் அவ்வாறே நிபந்தனை முன், ‘ஆனால்’ பின், மறுதலைக்கு ‘இல்லை’, கடைசியில் ‘முடி’. அச்சிடுவதற்கு ‘பதிப்பி’.

இதற்கு ஒரு முகப்பை வரைபடத் தாளில் வரையத் தொடங்கினேன். முதலில் கல்லணையை நினைத்துக்கொண்டேன். அங்கே வந்து சேரும் ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. முகப்பிலும் கற்க வந்தவர், கற்பிக்க வந்தவர், இறக்க வந்தவர், மொழியையே திருத்த வந்தவர் என நான்கு மதகுகள் போதும். பெரிய தளங்களில் பதினைந்து இருபது இணைப்புகளைப் பார்க்கிறோம். அவை தலைமடைக்காரர்க்கு உதவும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது. பக்கம் கனமில்லாமல், சிறு கைப்பேசியிலும் திறக்க வேண்டும் என்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியிடம் பைத்தானின் முகப்பைக் காட்டி, முதலில் கண்ணில் படுவது எது என்று கேட்டேன். நன்கொடை கேட்கும் பொத்தானைச் சுட்டிக்காட்டினான். “அக்கா, இதுக்குப் பணம் கட்டணுமா?” என்றான். இலவசமாய்த் தருகிறவர்கள் நன்கொடை கேட்பதில் தவறில்லை. ஆயினும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல் கட்டணமாகவே காட்சியளிக்கிறது. எனவே என் தாளில் முதல் வரி, “இதற்குக் காசு வேண்டாம்; யாரும் எழுதலாம்” என்பது.

அடுத்து எடுத்துக்காட்டு நிரல். இதில்தான் பல நாள் கழிந்தன. வணக்கம் சொல்லும் ஒரு வரி நிரலை எல்லா மொழியும் காட்டுகிறது. அதனால் மொழியின் குணம் தெரிவதில்லை. பிபனாச்சியோ பகா எண்ணோ வைத்தால் கணிதத்திற்கு அஞ்சுகிறவன் ஓடிவிடுவான். ஆகவே நம் வட்டாரத்து நில அளவையை எடுத்துக்கொண்டேன். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

முதலில் எழுதியது இது:

மா = 25
@( மா >= 20 ) ஆனால்
  பதிப்பி "ஒரு வேலிக்குக் குறையாது"
இல்லை
  பதிப்பி "வேலிக்கு எட்டவில்லை"
முடி

இதை அப்பாவிடம் காட்டினேன். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். குத்தகைக்கு மூன்று மா பயிரிடுகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். “இருபது மாவோ அதுக்கு மேலேயோ ஆனால்... சரி, புரியுது. முன்னாடி இந்தச் சுழி எதுக்கு?” என்று கேட்டார். நிபந்தனை தொடங்குகிறது என்று மொழிபெயர்ப்பிக்கு அறிவிக்கும் குறி அது என்றேன். தலையாட்டினார். பிறகு, “இருபத்தஞ்சு மான்னா வேலிக்குக் குறையாதுன்னு யாரு சொல்லுவா? ஒரு வேலி அஞ்சு மாம்பாங்க. நாப்பத்தஞ்சு போட்டா என்ன சொல்லும்?” என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை காண மடக்கு வேண்டும். எழிலில் அதற்குரிய சொல் ‘வரை’. இச்சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முகப்பு எழுதுகிறவர் இதைக் கவனித்தே ஆக வேண்டும். “மழை நிற்கும் வரை காத்திரு” என்றால், நிற்றல் நிகழ்ந்தவுடன் காத்திருத்தல் முடிகிறது. “உயிர் உள்ள வரை உழைப்பேன்” என்றால், உயிர் இருக்கும் காலமெல்லாம் உழைப்பு தொடர்கிறது. ஒரே சொல், ஆனால் முன்னதில் ஒரு நிகழ்ச்சி, பின்னதில் ஒரு நிலை. எழிலின் ‘வரை’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நிபந்தனை மெய்யாக இருக்கும் காலமெல்லாம் மடக்கு சுழலும். @( எண் <= 10 ) வரை என்பதைப் படிக்கும் மாணவன், எண் பத்துக்குள் வந்ததும் நின்றுவிடும் என்று தலைகீழாக எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. நானே அப்படித்தான் முதலில் எண்ணினேன். ஆகவே முகப்பில் வைக்கும் மடக்கு, நிலையைக் குறிப்பதாகத் தானே படிக்கும்படி இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கு அதற்கு வாகாக அமைந்தது:

வேலி = 0
மா = 45
@( மா >= 20 ) வரை
  மா = மா - 20
  வேலி = வேலி + 1
முடி
பதிப்பி வேலி, "வேலி", மா, "மா"

கையில் இருபது மாவுக்குக் குறையாமல் இருக்கும் வரை இருபதைக் கழித்துக்கொண்டே போ, கழிக்கும் தோறும் வேலியில் ஒன்று கூட்டு. முதற்சுற்றில் 45 என்பது 25 ஆகிறது. இரண்டாம் சுற்றில் 5. ஐந்து இருபதுக்குக் குறைவு என்பதால் மடக்கு நிற்கிறது. 2 வேலி 5 மா என்று அச்சாகும். வகுத்தல் குறியே இல்லாமல் வகுத்தல் நடந்துவிட்டதை ஆசிரியர் வகுப்பில் சுட்டிக்காட்டவும் இது பயன்படும். நிரலுக்குக் கீழே, 45 என்பதை அழித்துத் தன் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு பொத்தான். அதற்கும் கீழேதான் நான்கு மதகுகள்.

துறைப் பேராசிரியர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, வேலியும் மாவும் தெரியாத மதுரை, கோவை மாணவன் என்ன செய்வான் என்று கேட்டார். நியாயமான தடை. நூறு குழி, இருபது மா என்னும் வாய்ப்பாட்டை நிரலுக்கு மேலே ஒரு வரியாகச் சேர்த்தேன். செயற்கூறுக்கு எழில் ‘நிரல்பாகம்’ என்கிறது, நம் பாடநூல் வேறு சொல் கூறுகிறது. இவ்வகைச் சொற்களை எதிரெதிரே காட்டும் சிறு பட்டியல் ஒன்று கற்க வந்தவரின் மதகுக்குள் வேண்டும் என்றும் அவரே சொன்னார். அதை இன்னும் வரையவில்லை. பாடநூலையும் எழிலின் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி வருகிறேன். நேற்றுவரை ‘தொடர்’, ‘நிறுத்து’, ‘பின்கொடு’ ஆகிய மூன்றும் முடிந்திருக்கின்றன.